மக்கள் ஆதரவு இருக்கிறதென்றால் ஈரான் அரசு ஊடகத்தை ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது? அதனால் ஆட்சி பலப்பட்டதா?

முதல் கேள்விக்கு விடை அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1979 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் இஸ்லாமியக் குடியரசு வேண்டும் என்று 98 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. ஆட்சி தன் உரிமைக்கு அதைக் காட்டுகிறது. கூடவே இன்னொன்றையும் காட்டுகிறது: ஷியாக்கள் நம்பும், மறைந்திருக்கும் பன்னிரண்டாவது இமாம் திரும்பி வரும்வரை மார்க்கச் சட்டம் கற்ற அறிஞர் ஒருவரே சமுதாயத்துக்குப் பொறுப்பு என்னும் 'விலாயத்-எ-ஃபகீஹ்' கோட்பாடு. அதிபரையும் நாடாளுமன்றத்தையும் மக்கள் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அரசு வானொலி, தொலைக்காட்சியின் தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் 1989 திருத்தத்துக்குப் பிறகு அந்த அறிஞரின் இடத்தில் இருக்கும் உச்சத் தலைவர் கையில். தனியார் தொலைக்காட்சி கிடையாது.

மக்கள் ஒரு பக்கமும் தலைவர் ஒரு பக்கமும் நின்றால் என்ன ஆகும் என்பது 2000-ல் தெரிந்தது. 1997-ல் சீர்திருத்தவாதியான காத்தமி சுமார் 70 சதவீத ஓட்டில் அதிபரானதும் புதுப்புதுப் பத்திரிகைகள் வந்தன, கடைகளில் பரபரவென்று விற்றன. 1999 ஜூலையில் 'சலாம்' நாளிதழை மூடினார்கள். அதை எதிர்த்த தெஹ்ரான் பல்கலைக்கழக மாணவர்களை விடுதிக்குள் புகுந்து அடித்தார்கள். அப்படியும் 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தைச் சீர்திருத்தவாதிகளே பிடித்தார்கள். ஏப்ரலில் உச்சத் தலைவர் கமேனி, சில பத்திரிகைகள் எதிரியின் தளமாகிவிட்டன என்று பேசினார். சில நாட்களுக்குள் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட இதழ்கள் நின்றுபோயின. ஆகஸ்டில் புது நாடாளுமன்றம் கடுமையான பத்திரிகைச் சட்டத்தைத் தளர்த்த மசோதாவை எடுத்தபோது, அதை விட்டுவிடுங்கள் என்று அவரிடமிருந்து கடிதம் வந்தது. சபாநாயகர் கரூபி அதைச் சபையில் வாசித்தார். விவாதமே நடக்கவில்லை. மக்கள் அனுப்பிய உறுப்பினர்கள் தாங்கள் எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்பதைக்கூடத் தீர்மானிக்க முடியாது என்பது அன்றைக்கே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

சரி, இதனால் ஆட்சிக்கு என்ன கிடைத்தது? கொஞ்ச காலம் அமைதி கிடைத்தது, உண்மைதான். ஆனால் அரசு சொல்வதை நம்பும் பழக்கம் மக்களிடம் தேய்ந்துகொண்டே போனது. 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தைப் ஈரானின் புரட்சிக் காவல் படையின் ஏவுகணைகள் வீழ்த்தின. 176 பேரும் இறந்தார்கள். தொழில்நுட்பக் கோளாறு என்றே அதிகாரிகள் சாதித்தார்கள். மூன்றாம் நாள்தான், 11-ம் தேதி, ஒப்புக்கொண்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஈரானியர்கள் அல்லது ஈரானிய வம்சாவளியினர். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்களிடம், அதுவும் சொந்த மக்களிடம், மூன்று நாள் பொய். அதன்பின் அரசுத் தொலைக்காட்சியின் அறிவிப்பாளர் ஒருவர், பதின்மூன்று வருடமாக உங்களிடம் பொய் சொன்னேன், மன்னியுங்கள் என்று வெளிப்படையாக எழுதினார்.

நானும் ஐந்து வேளை தொழுகிறவன். நான் சுன்னி, அவர்கள் ஷியா. ஆனால் குர்ஆன் ஒன்றுதான். தீயவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்கிறது 49-வது அத்தியாயம். கொடுங்கோலன் முன்னால் நியாயத்தைச் சொல்வதே சிறந்த ஜிஹாத் என்ற நபிமொழியை எங்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் (பிரசங்கத்தில்) சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். அந்த மார்க்கத்தின் பெயரைச் சொல்லி, விசாரித்து எழுதியவர்களைப் பிடித்து உள்ளே போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2022-ல், தலைமுக்காடு விதியை மீறியதாகப் போலீஸ் பிடித்துச் சென்றபின் இறந்த இளம்பெண் மாசா அமினியின் பெற்றோர் மருத்துவமனையில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்ற படத்தை வெளியிட்டவர் நிலூஃபர் ஹமேதி. இறுதிச் சடங்கை எழுதப் போனவர் எலாஹே முகம்மதி. இருவருமே ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார்கள். அவர்கள் செய்தது செய்தியாளர் வேலை, அவ்வளவுதான்.

ஆட்சி பலப்பட்டதா என்பதற்கு அவர்களுடைய உள்துறை அமைச்சகத்தின் கணக்கையே பாருங்கள். ஓட்டுப் போட மக்கள் திரள்வதே இந்த அமைப்புக்கு ஆதரவு என்று தலைவர்கள் எப்போதும் சொல்லி வந்தார்கள். 2009 அதிபர் தேர்தலில் 85 சதவீதம் என்று அறிவித்தார்கள். 2021-ல் மனுப் போட்ட 592 பேரில் ஏழு பேரை மட்டும் அனுமதித்தார்கள், 48.8 சதவீதம்தான் பதிவானது. 2024 ஜூனில் முதல் சுற்றில் அது சுமார் 40-க்கு இறங்கியது.