குற்றவியல் படித்தால் போலீஸ் வேலை கிடைக்குமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு எடுத்துத் தேறியிருக்கிறாள். கல்லூரியில் குற்றவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதைப் படித்தால் எஸ்.ஐ. ஆகலாம், தடய அறிவியல் ஆய்வகத்திலும் சேரலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா? நம்பிச் சேர்க்கலாமா?
- ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: உங்கள் மகளின் விருப்பம் நல்ல விருப்பம். ஆனால் தெரிந்தவர் சொன்ன இரண்டுமே அப்படியே சரியில்லை.

முதலில் எஸ்.ஐ. வேலை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் சார்பு ஆய்வாளர் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். பி.காம். போதும், தமிழ் இலக்கியமும் போதும். எழுத்துத் தேர்வு, உடல்தகுதி, நேர்முகம் என்று எல்லோருக்கும் ஒரே வழிதான். பெண்களுக்குப் பொதுவாக 159 செ.மீ. உயரம் கேட்கிறார்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 157. காக்கி உடுப்புதான் அவள் கனவு என்றால், பட்டத்தைப் பற்றி யோசிக்கும் முன் உயரத்தை அளந்து பாருங்கள். ஐ.பி.எஸ். கனவு இருந்தாலும் இதே கதைதான். குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் சமூகவியல், உளவியல், சட்டம் எல்லாம் உண்டு, குற்றவியல் இல்லை.

அடுத்தது ஆய்வகம். ரத்தம், நஞ்சு, கைரேகை, டி.என்.ஏ. என்று ஆராய்வது தடய அறிவியல். அதன் அடித்தளம் வேதியியலும் உயிரியலும். வணிகவியல் படித்தவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் குற்றவியலில் சேர்ந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் ‘ஆய்வகம் எங்கே?’ என்று கேட்கும் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு மனசு தாங்குவதில்லை.

சரி, அப்படியென்றால் குற்றவியல் எதற்கு? ஒருவர் ஏன் குற்றம் செய்கிறார், காவல் நிலையமும் நீதிமன்றமும் சிறையும் அவரை என்ன செய்கின்றன, பாதிக்கப்பட்டவரின் கதி என்ன என்பதையெல்லாம் படிக்கும் துறை இது. தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல பாரம்பரியம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1965-லேயே குற்றவியல் துறை தொடங்கிவிட்டார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்று தனித்துறை இருக்கிறது.

இந்தப் படிப்பு நேரடியாகக் கைகொடுக்கும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். பதினாறு வயதுப் பையன் ஒருவன் பைக் திருடிப் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துவார்கள். ஒரு நீதித்துறை நடுவரும் (மாஜிஸ்திரேட்) இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட அமர்வு அது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, அவனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் குழுமத்தின் கைக்கு வர வேண்டும். நன்னடத்தை அலுவலர் அவன் வீட்டுக்குப் போவார். பள்ளியை எப்போது நிறுத்தினான், யாருடன் சுற்றுகிறான், வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், குடியோ போதைப்பழக்கமோ இருக்கிறதா, பைக்கை விற்றானா அல்லது ஓட்டிப் பார்க்கத்தான் எடுத்தானா என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதுவார். அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்புவதா, சிறப்பு இல்லத்தில் வைப்பதா என்று முடிவெடுக்கும்போது அந்தச் சில பக்கங்களுக்குப் பெரிய எடை உண்டு. அதைச் சரியாக எழுதத் தெரிந்த ஆள் ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே திருப்பிவிட முடியும். குற்றவியல் வகுப்பறை கற்றுத்தர வேண்டியது இந்தத் திறமையைத்தான்.

சிறைகளில் சீர்திருத்தப் பணி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பாதிக்கப்பட்டோருக்கு உதவும் தொண்டு நிறுவனங்கள் என்று இதே வகை வேலைகள் இன்னும் இருக்கின்றன. ஆசிரியப் பணி வேண்டுமென்றால் முதுகலை முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட் எழுதலாம், குற்றவியல் அதில் தனிப்பாடம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் நிறையப் பணியிடங்கள் ஒப்பந்த முறையில், தொகுப்பூதியத்தில்தான் வருகின்றன.

என் யோசனை இது. இளங்கலையில் உளவியல், சமூகப்பணி, சமூகவியல் மூன்றில் ஒன்றைப் படிக்கட்டும். முதுகலையில் குற்றவியலுக்கு வரட்டும். அடித்தளமும் அகலமாக இருக்கும், நடுவில் மனம் மாறினாலும் வேறு வழி இருக்கும். நீதிமன்றத்தில் வாதாடும் ஆசை என்றால் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பே நேர்வழி. அரசுத் தரப்பில் வாதாடும் அரசு உதவி வழக்கு நடத்துநர் ஆவதற்குச் சட்டப் பட்டத்தோடு குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு வழக்காடிய அனுபவமும் கேட்கிறார்கள். அப்புறம், வணிகவியலை வீண் என்று நினைத்துவிட வேண்டாம். நிதி நிறுவன மோசடி, வங்கி மோசடி வழக்குகளில் கணக்குப் புத்தகம்தான் சாட்சி. பி.காம். படித்து, பிறகு சி.ஏ.வும் முடித்தவர்களுக்குத் தடயவியல் கணக்காய்வு என்ற சான்றிதழ்ப் படிப்பைப் பட்டயக் கணக்காளர் கழகமே நடத்துகிறது. குற்றத்தின் மீது ஆர்வமும் கணக்கில் கெட்டித்தனமும் சேர்ந்த பெண்ணுக்கு இது அருமையான வழி.

இளங்கலையிலேயே குற்றவியல்தான் என்று அவள் உறுதியாக நின்றால் தடுக்க வேண்டாம், கல்லூரியை மட்டும் நன்றாக விசாரியுங்கள். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்குப் பழைய பிரிவு 302 இப்போது 103, மோசடிக்குப் பழைய பிரிவு 420 இப்போது 318. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் இரண்டையும் சொல்லித்தரும் கல்லூரிதான் வேண்டும். பழையது மட்டும் இருந்தால் யோசியுங்கள். சிறை, இளைஞர் நீதிக் குழுமம், சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகியவற்றுக்கு மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்களா, போன வருடம் யாரை எங்கே அனுப்பினார்கள் என்று கேளுங்கள். பட்டத்தின் பெயர் கொஞ்சம் புதுமாதிரியாக இருந்தால், அரசுப் பணிக்கு அது இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்பில் அந்தத் தாளைக் கேட்பார்கள். கட்டணம் கட்டுவதை அது கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.