அருட்டப்பட்ட அயன்களின் தாக்கவீதம்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகள்

கேள்வி (உவர்மலை, உயர்தர மாணவி): சேர், அயனை அருட்டினால் (சக்தி ஊட்டி மேல்நிலைக்கு ஏற்றினால்) தாக்கம் கொஞ்சம் வேகமாகும், அவ்வளவுதானே?

பதில்: இல்லை பிள்ளை, விளைவே மாறிவிடும். ஒட்சிசன் அணு அயன் தரைநிலையில் நைதரசன் மூலக்கூறோடு மோதினால் நைத்திரிக் ஒட்சைட்டு அயன் வரும். அறை வெப்பநிலையில் வீத மாறிலி ஏறக்குறைய 10⁻¹² கன செ.மீ./செக்கன், மிக மெதுவானது. 3.3 இலத்திரன் வோல்ற்று மேலேயுள்ள சிற்றுறுதி நிலையில் (உடனே தணியாமல் சிறிது நேரம் நிலைக்கும் அருட்டிய நிலையில்) அதே அயன் நைதரசனின் இலத்திரனையே பறித்துக்கொள்ளும், வேகமும் பல நூறு மடங்கு. நைதரசனின் அயனாக்கச் சக்தி 15.58 இலத்திரன் வோல்ற்று, ஒட்சிசன் அணுவுக்கு 13.62. இடைவெளியான 1.96 ஐ அருட்டல் நிரப்பிவிடுகிறது.

கேள்வி (கிண்ணியா, ஆசிரியர்): இரண்டு நிலைக்கும் திணிவு ஒன்றுதானே, எப்படிப் பிரிப்பது?

பதில்: திணிவு நிறமாலைமானியால் பிரிக்க முடியாது, வாயுதான் பிரிக்கும். ஒட்சிசன் மூலக்கூற்று அயனுக்கு ஆகன் பொருத்தம். ஆகனின் அயனாக்கச் சக்தி 15.76. அதன் இலத்திரனைப் பறிக்கத் தரைநிலை அயனிடம் 12.07 தான் உண்டு, அருட்டியதிடம் 16.1. அரை ரொர் அமுக்கத்தில் ஈலியம் ஓடும் குழாய்க்குள் திணிவு 32 ஐ (ஒட்சிசன் மூலக்கூற்று அயனை) மட்டும் செலுத்தி, ஆகனைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் அளவீடு நிலைத்த பிறகே குறியுங்கள். எண்ணிக்கையின் மடக்கையை ஆகன் பாய்ச்சலுக்கு எதிரே வரைந்தால் கோடு முதலில் சரிந்து பிறகு மட்டமாகும். மட்டப் பகுதியைப் பூச்சியத்துக்கு நீட்டினால் தரைநிலைப் பங்கு கிடைக்கும், மிச்சம் அருட்டியது. வளைந்த புள்ளிகளுக்கு நடுவே ஒரே நேர்கோட்டை இழுத்துப் படித்திறன் எடுக்கவே கூடாது. அந்த எண் எந்த நிலைக்கும் உரியதல்ல.

திணிவு 40 இல் ஆகன் அயன் ஏறுகிறதா என்றும் பாருங்கள். 32 இறங்கிய அளவுக்கு அது ஏறாவிட்டால், சில அயன்கள் ஏற்றத்தைக் கொடுக்காமல் மோதலிலேயே தணிந்திருக்கலாம். பிறகு அயன் மூலத்தின் இலத்திரன் சக்தியை 15 க்கு இறக்குங்கள், சரிவு மறைய வேண்டும். சூடான இழையிலிருந்து வரும் இலத்திரன்களின் சக்தி அரை வோல்ற்று வரை பரவும், ஆகவே 16 இல் நிறுத்தாதீர்கள்.

கேள்வி (நிலாவெளி): மாரியில் எங்கள் பயிற்சிக் குழாயில் திணிவு 19 இறங்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: நீராவி. நீரின் அயனாக்கச் சக்தி 12.62 என்பதால் 12.07 மட்டுமே கொண்ட தரைநிலை அயன் அதனிடம் ஏற்றம் மாற்றாது, அருட்டியது மாற்றும். அப்படி வரும் நீர் அயன் (18) இன்னொரு நீர் மூலக்கூறைச் சந்தித்து ஐதரோனியம் அயன் (19) ஆகும். நீங்கள் அளக்க வந்த அயனைத்தான் ஈரம் முதலில் தின்கிறது. பிளாஸ்ரிக் குழாயைக் கழற்றித் துருவுறா உருக்குக் குழாய் பூட்டி, இரவு முழுக்கப் பம்பு ஓட 120 பாகையில் சூடாக்குங்கள். ஆகன் வழியில் உலர்பனிப் பொறி (ஈரத்தை உறையவைத்துப் பிடிக்கும் குளிர்ப் பொறி) போதும். திரவ நைதரசன் வைத்தால் ஆகனே அதற்குள் ஒடுங்கும். பிறகு சூடேறும்போது அமுக்கம் குழாயைப் பிளக்கும்.