ரோசிக்கும் கிட்னி போயிருமா?

கேள்வி: எங்க ரோசிக்கு 9 வயசு, ஆப்பரேஷன் பண்ணாத பொட்ட நாய். ரெண்டு மாசமா தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கா, வாசல் சிமெண்டுல ஒன்னுக்கு போயி வைக்கிறா, காலையில பாத்தா எறும்பு மொய்க்குது. ஈப்போவுல காட்டினதுக்கு இனிப்பு நீர்னு சொல்லி இன்சுலின் குடுத்தாங்க. எங்கப்பாவுக்கு இனிப்பு நீராலதான் கிட்னி போயி இப்ப வாரத்துக்கு மூனு நாள் டயாலிசிஸ். இவளுக்கும் அப்படித்தானா? ராத்திரி தண்ணி சட்டிய எடுத்து வச்சிடுறோம். அப்பாவோட ஊசி மிச்சம் இருக்கு, அதையே போடலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மொதல்ல அந்த சட்டிய திருப்பி வைங்க தங்கச்சி. குடிக்கிறதால ஒன்னுக்கு போகல, போறதாலதான் குடிக்கிறா. நாய் ரத்தத்துல சீனி லிட்டருக்கு 10, 12 மில்லிமோலைத் தாண்டுனா கிட்னியால புடிச்சு வைக்க முடியாம ஒன்னுக்குல விட்டுடும், அது போறப்ப தண்ணியையும் சேத்து இழுத்துக்கிட்டு போகும், தண்ணிய நிறுத்துனா ஒடம்பு காஞ்சு கிட்னிக்குத்தான் கேடு.

அப்பா கதையேதான் இவளுக்கும்னு நெனைக்காதீங்க. மனுஷனுக்கு பல வருஷம் சீனி ஏறி கிட்னியோட வடிகட்டி கெட்டுப்போகும். நாய்க்கும் அது தடிச்சு புரோட்டீன் கசியும், பிரஷர் ஏறும், எல்லாம் உண்டுதான், ஆனா கிட்னி மொத்தமா போறது மனுஷங்க அளவுக்கு இல்ல, அவ்வளவு காலம் நாய் எங்க இருக்கு? நாய்ங்களுக்கு பெரும்பாலும் கண்ணுலதான் அடி, புரை விழுந்துடும், சில மாசத்துலயே கூட.

ரோசி விஷயத்துல நான் பயப்படுறது கிருமிக்குத்தான். சீனி கலந்த மூத்திரத்துல அது நல்லா வளரும், மூத்திரப் பைல இருந்து மேல ஏறி கிட்னிய புடிச்சிடும், வெளிய ஒன்னும் தெரியாமலே கூட இருக்கும். இன்சுலின் குத்தியும் சீனி எறங்கலன்னா இதையும் சந்தேகப்படணும். அதனால மூத்திரத்துல கிருமி வளருதான்னு கல்ச்சர் டெஸ்ட் கேளுங்க, அதே மூத்திரத்துல கிரியேட்டினினுக்கு (கிட்னி வெளிய தள்ளுற கழிவு) எத்தனை பங்கு புரோட்டீன் இருக்குன்னும் பாக்கச் சொல்லுங்க, அந்த விகிதம் 0.5-க்கு மேலயே நின்னா கவனிக்கணும். ரத்தத்துல கிரியேட்டினின் நார்மல்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க, முக்காவாசி கிட்னி போன பிறகுதான் அது ஏறும்.

ஊசியா? வேணவே வேணாம். நாய்க்குன்னு வர்ற இன்சுலின் பெரும்பாலும் யூ-40, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட், அப்பா ஊசி யூ-100, அதுல கோடு போட்டிருக்கிறது மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கு. அந்த ஊசியில யூ-40 மருந்த 4 யூனிட் கோடு வரைக்கும் இழுத்தா 1.6 யூனிட்தான் போகும், நீங்க 4 போட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க. பாட்டில்ல என்ன போட்டிருக்கோ அதுக்கேத்த ஊசிதான் வாங்கணும். சாப்பிடலன்னா, வாந்தி எடுத்தா அன்னிக்கே டாக்டருக்கு போன் போடுங்க, நீங்களா அளவ மாத்தாதீங்க.

குட்டி போடாம இருக்க பண்ற ஆப்பரேஷனப் பத்தியும் டாக்டர்ட்ட பேசுங்க, பருவம் வந்துட்டு போனா அப்ப சுரக்கிற ஹார்மோன் இன்சுலின வேலை செய்ய விடாது. அப்புறம் அப்பா மிச்சம் வைக்கிற ரொட்டி சானாய் யாரு வாய்க்கு போகுதுன்னும் கொஞ்சம் பாருங்க, எங்க தாத்தாவும் மேசைக்கு அடியிலதான் குடுப்பாரு.