மான் தின்ற மேகசின்

ரீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: நான் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். ரஷ்யத் தம்பதி ஒன்று மூன்று வாரமாகத் தங்கியிருக்கிறது. அந்த அம்மா ரஷ்யர்களுக்காக அச்சிட்ட ஆங்கிலச் சிரிப்புக் கதைப் புத்தகம் ஒன்றோடு தினமும் பின்னேரம் என்னிடம் வந்து உட்காருகிறார். பொருள் ரஷ்ய மொழியில் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனாலும் என்னிடம் கேட்கிறார். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. பகிடிக் கதை படித்து மொழி வருமா ரீச்சர்? நான் எப்படி உதவலாம்?
– உப்புவெளி வாசகர்

பதில்: வரும் தம்பி, சிரித்தால் வரும். 31 வருடம் வகுப்பில் நின்றவள் சொல்கிறேன். "விளங்கினதா?" என்று கேட்டால் முழு வகுப்பும் "ஓம் மிஸ்" என்று தலையாட்டும். ஒரு பகிடியைச் சொல்லிப் பாருங்கள், யாருக்கு விளங்கியது என்று உடனே தெரிந்துவிடும். பின் வாங்கில் ஒருவன் பக்கத்திலிருப்பவனைப் பார்த்துவிட்டு அரை நொடி பிந்திச் சிரிப்பான். அவனை எழுப்பிக் கேட்டால் திருதிருவென்று முழிப்பான். இதைவிடச் செலவு குறைந்த பரீட்சை எனக்குத் தெரியாது.

அந்தப் புத்தகத்தை ஒருதரம் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். ஆங்கில வாக்கியத்தின் நடுவிலேயே அடைப்புக்குறிக்குள் ரஷ்யப் பொருள் வந்து, அடுத்து அதே பத்தி எந்த உதவியும் இல்லாமல் இன்னொருமுறை வருகிறதா? இல்யா ஃபிராங்க் என்பவரின் பெயரால் வழங்கும் முறை அது. அகராதியைத் தொடாமல் வாசித்துக்கொண்டே போகலாம். நீண்ட கதைகளுக்கு நல்ல ஏற்பாடுதான். பகிடிக்கு மட்டும் எனக்கு அதில் மனமில்லை. கடைசி வரிக்குப் பக்கத்திலேயே பொருளைப் போட்டுவிட்டால் அந்த அம்மா ரஷ்ய மொழியில் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார், ஆங்கிலச் சொல் வாசலிலேயே நின்றுவிடும். கடைசி வரியின் ரஷ்யப் பொருளை ஒரு பஸ் ரிக்கற்றால் மூடிக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். சிரிப்பு வராவிட்டால் உங்களிடம் கேட்கட்டும். நீங்களும் பொருளைச் சொல்லாமல் நடித்துக் காட்டுங்கள். வரவேற்பு மேசையில் அதற்கு இடம் தாராளம்.

உங்களுக்கு ரஷ்ய மொழி தெரியாதது பெரிய குறையில்லை. ஆங்கிலச் சொல் போலவே இருந்து வேறு பொருள் தரும் ரஷ்யச் சொற்கள் பத்தைத் தெரிந்துவைத்தால் பாதிக் குழப்பம் தீரும். போன வருடம் எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த ரஷ்யப் பெண் ஒருவர் விடியற்காலையில் அயல்வீட்டுக் கேற்றைத் தட்டி ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். 'ஹஸ்பண்ட். அஞ்சைனா' என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது. அந்த வீட்டுக்காரர் தாமே நெஞ்சுவலிக்கு நாக்குக்குக் கீழே மாத்திரை வைப்பவர். மனிதர் சாரத்தோடு ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்து, அந்த ஆளை நடக்கவும் விடாமல் தூக்கி ஏற்றினார். வழி நெடுக நோயாளி தன் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாராம். இவர் அவருடைய நெஞ்சைத் தடவிக்கொடுத்தபடியே போனாராம். ரஷ்ய மொழியில் 'அங்கீனா' என்றால் தொண்டை அழற்சி. ஆங்கிலத்தில் அதே சொல் இதய நோவு. ஆஸ்பத்திரியில் உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையில் அஞ்சைனா என்ற சொல்லை யாரும் மறந்ததில்லை.

இப்படி இன்னும் இருக்கின்றன. அவர்களுடைய 'ஃபமீலியா' குடும்பப் பெயரைக் குறிக்கும், குடும்பத்தை அல்ல. 'டெக்காடா' பத்து நாள். "ஒரு டெக்கேட் தங்குவேன்" என்று உங்கள் விருந்தாளி சொன்னால் பத்து வருட வாடகையைக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். 'சிம்பதீச்னி' என்றால் பார்க்க அழகானவர். ஆகவே "யூ ஆர் வெரி சிம்பதெட்டிக்" என்று அவர் சொன்னால் உங்கள் இரக்க குணத்தையா முகத்தையா புகழ்கிறார் என்று கண்ணாடி பார்த்து முடிவு செய்யுங்கள். 'அனெக்டோட்' என்றாலே அவர்களுக்குப் பகிடிதான். வோவச்கா என்றொரு குழப்படிப் பள்ளிப் பையன் அவற்றில் ஓயாமல் வருவான். அந்த அம்மாவுக்குத் தெரிந்த வோவச்கா பகிடி ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். கதை ஏற்கெனவே மனதில் இருப்பதால் அவர் தேட வேண்டியது சொல்லை மட்டும்தான்.

நீங்களே எழுதவும் செய்யலாம். நம் ஊருக்கு ஏற்ற மாதிரி நான் ஒன்று எழுதினேன். ஒரு ரஷ்யக் கணவனும் மனைவியும் தினமும் ஒரு மணித்தியாலம் தங்களுக்குள் ஆங்கிலம் மட்டும் கதைப்பது என்று ஒப்பந்தம். மனைவி கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டை வாசலடியில் உட்கார்ந்து வார இதழ் படிக்கிறார். புள்ளிமான் ஒன்று வந்து அட்டையிலிருந்து தொடங்கி ராசிபலன் வரைக்கும் மென்றுவிடுகிறது. அவர் கணவனுக்குத் தொலைபேசி எடுத்து, "டியர், த டியர் ஏட் மை மேகசின்!" என்கிறார். ரஷ்ய மொழியில் 'மகஸீன்' என்றால் கடை. கணவன் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "முழுக் கடையையுமா? நான் காசு கொடுக்கவேண்டி வருமா?" என்று கேட்கிறார்.

ஒரே வரிதான். அன்பே என்பதும் மான் என்பதும் ஒரே ஒலி, எழுத்து வேறு. ஈட் என்பது ஏட் ஆகிறது. மேகசின் கடையில்லை. முன்னால் ஒரு 'த' வேறு நிற்கிறது. இவற்றைத் தனித்தனியாகக் கொப்பியில் எழுதிக் கொடுத்திருந்தால் அடுத்த நாள் நினைவிருக்காது. மானின் வாயில் ராசிபலன் தொங்குவதை அவர் மறக்க மாட்டார்.

கேள்வி: எங்களிடம் வரும் ரஷ்யர்கள் "ஐ சீ டாக்", "வேர் இஸ் பீச்" என்றுதான் பேசுகிறார்கள். ஒருவர் "ஐ டாக்டர்" என்றே சொன்னார். நன்கு படித்தவர்கள் ஏன் இப்படி?
– நிலாவெளி வாசகி

பதில்: நாமும் அப்படித்தானே பிள்ளை! 'அ', 'த' என்று பெயர்ச்சொல்லுக்கு முன் ஒட்டும் சொற்கள் ரஷ்ய மொழியிலும் இல்லை, தமிழிலும் இல்லை. "நான் டாக்டர்" என்று நாம் சொல்வது போலவே அவர்களும் நடுவில் ஒன்றும் போடாமல் சொல்வார்கள். ஆகவே அவர்கள் விடும் பிழையைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை குறைவு.

ஒலியில்தான் வித்தியாசம். ரஷ்யர்கள் சொல்லின் கடைசியில் வரும் மென்மையான ஒலியை வன்மையாக்கிவிடுவார்கள். கட்டிலுக்கான ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் பந்தயத்துக்கான சொல்லாகிவிடும். தமிழ் எழுத்தில் இரண்டையும் 'பெட்' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, ஆகவே இங்கே காட்ட முடியவில்லை. விருந்தாளி இன்னொரு 'பெட்' கேட்டால் மெத்தையைக் கொண்டுபோய்க் கொடுங்கள். நாமோ 'பெட்டு', 'டாக்கு' என்று கடைசியில் ஒரு உகரத்தைச் சேர்த்துவிடுவோம். அவரவர் வியாதி அவரவருக்கு.

கேள்வி: மகள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். சொற்பட்டியலை உருப்போட்டு உருப்போட்டு மறக்கிறாள். பகிடிக் கதை அவளுக்கும் உதவுமா?
– கன்னியா வாசகி

பதில்: உதவும், கதை அவளுடைய அளவுக்கு இருந்தால். யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு கதையை விளங்கிக்கொள்ள 100 சொல்லில் 98 அளவுக்காவது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். கடைகளில் விற்கும் பல புத்தகங்கள் இதற்கு நேர்மாறு. பத்துச் சொல்லில் நான்கு புதிதாக இருந்தால் பிள்ளைக்குக் கொட்டாவிதான் வரும்.

ஆகவே புதுக் கதை தேடாதீர்கள். தெனாலிராமனின் பூனை பாலைக் கண்டு ஓடிய கதை அவளுக்குத் தெரியும்தானே? அதை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுங்கள், அல்லது அவளையே எழுத வையுங்கள். புதுச் சொல் இரண்டு போதும்: சூடு பட்டு வெந்ததற்கு 'ஸ்கால்ட்', பூனை நக்கிக் குடிப்பதற்கு 'லேப்'. பொருளை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இரவு சாப்பாட்டு மேசையில் பூனை ஏன் ஓடியது என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். "பிகாஸ்" என்று தொடங்கி எப்படியாவது 'ஸ்கால்ட்' வரை வந்து சேர்ந்தாள் என்றால், இலக்கணத்தைத் திருத்தாமல் பிட்டைச் சாப்பிட விடுங்கள்.