கொடத்த கீழ வெச்சுட்டு பேசுங்க

கேள்வி: அக்கா, ரெண்டு மாசம் முன்னாடி லாரி தண்ணி புடிக்கிறப்ப பக்கத்து வூட்டம்மாவ "நீ எப்பவுமே திருட்டுத்தனம்தான் பண்ற"ன்னு தெருவே கேக்குற மாதிரி கத்திட்டேன். அன்னிலேர்ந்து அவங்க என்னாண்ட பேசறதில்ல. இனிமே வாயே தொறக்க கூடாதுன்னு இருக்கேன், ஆனா சும்மா இருந்தா தலைல ஏறி உக்காந்துக்கறாங்க. இன்னா பண்றது?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: வாய மூடிக்கினா அது அகிம்சைன்னு யாரு சொன்னா தங்கச்சி? காந்தி கூட திங்கக்கெழம மௌனம் இருப்பாரு, ஆனா சொல்லவேண்டியத துண்டு காயிதத்துல எழுதி குடுத்துடுவாரு, மூஞ்ச திருப்பிக்கல. நீங்க ரெண்டு பேரும் ரெண்டு மாசமா பண்றது மௌனம் இல்ல, சத்தம் வராத சண்ட.

மார்ஷல் ரோசன்பெர்க்னு ஒரு அமெரிக்க மனநல நிபுணர். 1943ல டெட்ராய்ட்ல இனக்கலவரம் நடந்தப்ப அவருக்கு எட்டு வயசு, அங்கதான் இருந்தாரு. மனுசன் ஏன் இப்டி மாறுறான்னு பின்னாடி யோசிச்சு, 1960கள்ல வன்முறையில்லாம பேசுறதுக்குன்னே ஒரு வழி சொன்னாரு, அதுக்கு "நான்வயலன்ட் கம்யூனிகேஷன்"னு பேரு, அகிம்சையா பேசுறதுன்னு அர்த்தம். பேருல இருக்குற அகிம்சை காந்தி சொன்ன அதே அர்த்தத்துலதான். நடந்தத சொல்லு, உன் மனசுல இருக்குறத சொல்லு, என்ன தேவன்னு சொல்லு, அப்புறம் கேளு. அவ்ளோதான்.

உங்க வாக்கியத்துல வெனையே அந்த "எப்பவுமே"ல தான். "என் ரெண்டு கொடத்த தள்ளிட்டு உங்களுத வெச்சீங்க"ன்னு இருந்தா அவங்க பதில் சொல்லலாம், இல்லன்னு கூட சொல்லலாம். திருடின்னு சொன்னா இன்னா பதில் சொல்லுவாங்க, திருப்பி திட்டத்தான் முடியும்! அந்த நேரம் உங்களுக்கு வந்தது கோவம் மாதிரி தெரிஞ்சாலும் உள்ள இருந்தது பயம், லாரி காலியாயிட்டா வூட்டுல சோறு பொங்க தண்ணி இல்லியேன்னு. அத நீங்க சொல்லவே இல்ல பாருங்க.

ஒன்னு சொல்லிடறேன், இத புக்குல இருக்குற மாதிரி அப்டியே பேசினா நம்ம ஏரியால "இன்னாமா, எல்ஐசி ஏஜென்ட் மாதிரி பேசுற"ம்பாங்க, எனக்கே நடந்துருக்கு. நம்ம பாஷைலயே சொல்லுங்க. "அன்னிக்கு திருடின்னு சொன்னது தப்புக்கா. தண்ணி கெடைக்காம போயிடுமோன்னு பயந்துட்டேன். நாளிக்கு வரிசப்படி புடிச்சுக்கலாமா?" முடியாதுன்னு அவங்க சொன்னா அதையும் கேட்டுக்கணும், இல்லன்னா அது கேக்குறது இல்ல, அதிகாரம். அதுக்காக உங்க வரிசைய வுட்டுக் குடுக்கணும்னு இல்ல, கொடம் இருந்த எடத்துலயே இருக்கட்டும்.

மூஞ்ச திருப்பிக்கினா திருப்பிக்கட்டும், லாரி மறுபடியும் வரும்ல.