கடன் செயலி மிரட்டுகிறது: போலீஸுக்குப் போகலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக ஒரு கடன் செயலியில் ரூ.6,000 கேட்டேன். கைக்கு வந்தது ரூ.3,600. ஏழாம் நாளே முழுத் தொகையையும் கேட்டார்கள், கட்டிவிட்டேன். பாக்கி இருக்கிறது என்று மிரட்டி மேலும் இரண்டு முறை வாங்கினார்கள். நேற்று என் முகத்தை ஒரு நிர்வாணப் படத்தில் ஒட்டி, என் நாத்தனாருக்கும் சூப்பர்வைசருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். இன்று ரூ.9,000 கட்டாவிட்டால் எல்லோருக்கும் போகும் என்கிறார்கள். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கொடுத்தது நான்தான். என்மீதே வழக்கு வருமா? சிம்மை மாற்றினால் போதுமா? கணவருக்குத் தெரியாது. வாழவே பிடிக்கவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். இன்று இரவு தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். கணவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரிந்துவிடுமே என்ற உங்கள் பயத்தை வைத்துத்தான் அவர்கள் பணம் பறிக்கிறார்கள்.

கடன் வாங்கியதற்காக உங்கள்மீது குற்ற வழக்கு வராது. கடன் பாக்கி என்பது உரிமையியல் விவகாரம். நீங்களோ வாங்கியதைவிட அதிகமாகக் கட்டிவிட்டீர்கள். 9,000 ரூபாயைக் கட்டாதீர்கள். ஏற்கெனவே மூன்று முறை கட்டியும் நிற்காத மிரட்டல் நான்காவது முறையோடு நிற்காது.

அனுமதி கொடுத்தது நான்தான் என்று உங்களையே குற்றம் சாட்டிக்கொள்கிறீர்கள். அது வேண்டாம். கடன் செயலிகள் செல்பேசியிலுள்ள தொடர்பு எண்கள், படங்கள், அழைப்பு விவரங்கள் எதையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. முறையான கடனை வசூலிப்பவர்கூடக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக்கூடாது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறது. பணமுடையில் நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தியதால் இந்தப் பாதுகாப்பு எதையும் இழந்துவிடவில்லை.

சிம்மை மாற்றாதீர்கள், செயலியையும் இப்போதே நீக்காதீர்கள். முதலில் சாட்சியத்தைக் காப்பாற்ற வேண்டும். மிரட்டல் வந்த உரையாடலைத் திறந்து, அனுப்பியவரின் எண் நாட்டுக் குறியீட்டோடு முழுதாகத் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த எண்ணை ஏதாவது பெயரில் சேமித்திருந்தால் திரையில் பெயர் மட்டுமே தெரியும், அது பயன்படாது. தேதியும் நேரமும் தெரிய வேண்டும். அனுப்பியவர் செய்தியை அழித்துவிடக்கூடும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். செயலியின் பெயர், அதை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர், அது பெற்றிருக்கும் அனுமதிகள் ஆகியவை தெரியும் பக்கங்களையும் எடுங்கள். ஒவ்வொரு முறை பணம் கட்டியதற்கும் யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவையுங்கள். பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்பதைப் போலீஸ் அதிலிருந்துதான் பிடிக்கும். இதெல்லாம் முடிந்த பிறகு அனுமதிகளை ரத்து செய்து செயலியை நீக்குங்கள். செல்பேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்க பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

நாத்தனாரிடமும் சூப்பர்வைசரிடமும் ஒன்று சொல்லுங்கள்: வந்த படத்தை அழிக்கவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அவர்களுடைய செல்பேசியும் சாட்சியம். ஆபாசப் படத்தை மின்னணு வழியில் பரப்புவது யார் செய்தாலும் குற்றம்தான். மற்ற உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு இப்படி எழுதிவிடலாம்: "என் எண்களைத் திருடிய ஒரு கும்பல் போலிப் படம் அனுப்பி மிரட்டுகிறது. போலீஸில் புகார் கொடுக்கிறேன். படம் வந்தால் திறக்காமல் எனக்குத் தெரிவியுங்கள்." இது போய்ச் சேர்ந்துவிட்டால் மிரட்டலின் பாதிப் பலம் போய்விடும்.

அடுத்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் போன கணக்கை முடக்க இதுதான் வழி. தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் அளிக்க வழி இருக்கிறது. உங்கள் விஷயத்தில் பெயரோடு கொடுப்பதே சரி. விசாரணை அதிகாரி உங்களிடம் பேச வேண்டியிருக்கும்.

புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவை மட்டும் எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அது ஒருவரின் அந்தரங்க உறுப்பை அவர் சம்மதமின்றிப் படம்பிடித்துப் பரப்புவது பற்றியது. உங்களுடையது மார்பிங் செய்த படம். ஆகவே ஆபாசத்தைப் பரப்புவதற்கான 67-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள்: முதல் முறை குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அதோடு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 308 (மிரட்டிப் பணம் பறித்தல், ஏழாண்டு வரை சிறை), 351 (குற்றமுறு மிரட்டல்), 79 (பெண்ணின் மாண்பை இழிவுபடுத்துதல்) ஆகிய பிரிவுகளும் பொருந்தும். பிரிவு எண் தவறினாலும் புகார் செல்லும். நடந்ததை நாள்வாரியாக எழுதுவதுதான் முக்கியம்.

மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. அறிக்கை பதிய மறுத்தால் காவல் ஆணையருக்கோ கண்காணிப்பாளருக்கோ தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம்.

குற்றவாளிகள் எல்லோரும் பிடிபடுவார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. இவர்கள் அடுத்தவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குகளை வாடகைக்கு எடுத்து, வேறெங்கோ இருந்து இயங்குகிறவர்கள். ஆனாலும் கணக்கை முடக்கலாம், எண்ணைத் துண்டிக்கலாம், படத்தை நீக்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் படம் வந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு உடனே எழுதுங்கள். 2021-இல் தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபோதே நிர்வாணப் படத்தையும் மார்பிங் படத்தையும் நீக்க 24 மணி நேரம்தான் கெடுவாக இருந்தது.

வழக்கறிஞருக்குச் செலவழிக்க வசதியில்லை என்றால் கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண்ணான 15100-க்கு அழையுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். புகார் எழுதவும் அங்கே உதவி கேட்கலாம்.