அமைதி, நீதி, மண் – கடிதமும் பதிலும்

அன்பின் அக்கா,

திருகோணமலையில் ஒரு இளையோர் வட்டம் நடத்துகிறோம். உப்புவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் நகரிலிருந்து சில சிங்களப் பிள்ளைகளும் வருகிறார்கள். 15 முதல் 22 வயது வரை. செப்டெம்பர் 21 உலக அமைதி நாளுக்காக ‘அமைதி, சமூக நீதி, பூமியைப் பேணல்’ என்று தலைப்புக் கொடுத்து எல்லாரையும் எழுதச் சொன்னோம். சிறு நூலாகப் போடலாம் என்று எண்ணம். வந்தவற்றில் பெயர்களை மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. எல்லாம் ‘மரம் நடுவோம், மனிதம் வளர்ப்போம்’ என்றே முடிகிறது. மூதூரிலிருந்து வரும் ஒரு தம்பி மட்டும் எழுதவில்லை. கேட்டால், “எங்கட வீட்டில கதைக்கிற விசயத்தை இதில எழுதலாமோ?” என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கடற்கரையைத் துப்புரவாக்கவும் கிண்ணியாவில் கண்டல் (சதுப்புநில மரம்) நடவும் யோசிக்கிறோம். எழுத்து உண்மையாக வர என்ன செய்யலாம்? சண்டை வராமல் எப்படிப் பார்ப்பது?

– ஒரு வாசகி, உப்புவெளி

அன்பின் தங்கைக்கு,

பிள்ளைகளில் பிழை இல்லை. கொடுத்த தலைப்பு அப்படி. பாடசாலைக் கட்டுரைப் போட்டிகளில் இதே மூன்று சொற்களுக்கு எப்படி எழுதினால் பரிசு கிடைக்கும் என்று அவர்கள் சிறுவயதிலேயே பழகிவிட்டார்கள். தலைப்பைக் கண்டதும் கை தானாக எழுதிவிடும். தலைப்பை எடுத்துவிட்டு ஓர் இடத்தைக் கொடுங்கள். அமைதி, நீதி, மண் என்று பிரித்தும் கேட்காதீர்கள். உங்கள் ஊரில் எந்த இடத்தை உற்றுப் பார்த்தாலும் மூன்றும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன.

நகருக்குள் திரியும் புள்ளிமான்களையே எடுங்கள். பஸ் நிலையப் பக்கமும் கோட்டைப் பக்கமும் அவை சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீன் தாளை மெல்வதை எல்லாரும் கண்டிருப்பீர்கள். தாளில் ஒட்டியிருக்கும் உப்பும் குழம்பு வாசமும் அவற்றை இழுக்கின்றன. மான் அசைபோடும் மிருகம். அதன் முதல் இரைப்பையில் பொலித்தீன் செரிக்காது. அடுத்த அறைக்குப் போகும் வழி சிறியதாகையால் வெளியேறவும் முடியாமல் அங்கேயே திரண்டு கட்டியாகிறது. வயிறு நிரம்பியே இருப்பதால் மான் புல்லைத் தேடாது, நாளடைவில் மெலிந்து சாகும். பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்துவிட்டது. அப்படியென்றால் இந்தத் தாள் எங்கே வாங்கியது? கடைக்காரருக்கு வாழையிலை கட்டுபடியாகிறதா? அந்த இடத்தில் குப்பைத் தொட்டி உண்டா, அதன் மூடி மானால் திறக்க முடியாததா? காலையில் அதை வெறுங்கையால் அள்ளும் தொழிலாளிக்குக் கையுறை யார் கொடுக்க வேண்டியது? ஒரு பிள்ளை அங்கே அரை மணி நேரம் நின்று பார்த்து எழுதட்டும். நீங்கள் கேட்ட மூன்றும் அந்தப் பக்கத்தில் வந்துவிடும்.

எழுதும் அமர்வுக்கு 12 முதல் 16 பேர் போதும், அதற்கு மேல் போனால் கூச்சமுள்ளவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். நாலு நாலு பேராகப் பிரியுங்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரும் ஒன்றாக இருக்க விடவேண்டாம். ஒரே பள்ளிக்கூடத்தாரையும் பிரித்துவிடுங்கள். முதலில் 40 நிமிடம் இடத்தைப் பார்ப்பது, பிறகு 20 நிமிடம் பேசாமல் எழுதுவது. கைப்பேசி பையில் இருக்கட்டும். படம் எடுத்தவன் படத்தைப் பார்த்துத்தான் எழுதுவான், மணமும் சத்தமும் போய்விடும். முதல் பிரதிக்கு ஒரே ஒரு விதி: ‘வேண்டும்’ என்று முடியும் வசனமும் ‘நடுவோம், காப்போம்’ என்று முடியும் வசனமும் கூடாது. கண்டது, கேட்டது, எண்ணியது மட்டும். முதல் பத்து நிமிடம் திணறுவார்கள். நீங்கள் உதவிக்குப் போகாதீர்கள், அதற்குப் பிறகுதான் எழுத்து வரும்.

வீட்டிலிருந்தே எழுதுபவர்களுக்கு இப்படிக் கேள்வி கொடுக்கலாம்: குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, வராத நாளில் யார் எடுத்து வருகிறார்? உங்கள் வீட்டுக் குப்பை எந்த நாளில் போகிறது, எங்கே கொட்டப்படுகிறது, அந்த இடத்துக்குப் பக்கத்தில் யாருடைய வீடு இருக்கிறது? அப்பப்பாவோ அம்மம்மாவோ முன்பு போய்வந்து இப்போது போகாத இடம் எது?

இந்தக் கடைசிக் கேள்வி மூதூர்த் தம்பியிடம்தான் போய் நிற்கும். ‘எழுதலாம், ஆனால் எழுதியே ஆகவேண்டியதில்லை’ என்று அவனுக்குச் சொல்லுங்கள். உங்கள் வட்டத்துப் பிள்ளைகளில் பலர் 2004 கடற்கோளுக்கும் 2006 போர் இடம்பெயர்வுக்கும் பிறகு பிறந்தவர்கள். மற்றவர்கள் அப்போது கைக்குழந்தைகள். அவர்களிடம் இருப்பது வீட்டில் கேட்ட கதை. அதை எழுத அந்த வீட்டாரின் சம்மதமும் வேண்டும். பெயர், வீதி, அடையாளம் தெரியும் விவரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எழுதலாம். அச்சுக்குப் போகும் நாள் காலை வரை எவரும் தன் பக்கத்தைத் திரும்பப் பெறலாம், காரணம் கேட்கக்கூடாது. வாசிக்கும்போது யாராவது உடைந்துபோனால் எல்லாரும் சூழ்ந்து நிற்காதீர்கள். நம்பிக்கையான ஒருவர் மட்டும் வெளியே கூட்டிப்போய் இருக்கட்டும். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், முன்கூட்டியே ஒருவரோடு பேசி வையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தையும் சுவரில் எழுதிப் போடுங்கள்.

சண்டை எங்கே தொடங்கும் என்றால், ஒரு பிள்ளை தன் வீட்டு இழப்பை வாசித்து முடித்த உடனே இன்னொருவர் ‘உங்களுக்கு மட்டுமா? எங்களுக்கும்தான்’ என்று சொல்லும் இடத்தில். அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அது பதிலாக விழுந்தால், வாசித்தவர் சொன்னது கணக்கில் சேராமல் போய்விடும். ஆகவே ஒரு பக்கம் வாசித்து முடிந்தால் இரண்டு நிமிடம் அமைதி. பிறகு ‘அதற்குப் பிறகு என்ன நடந்தது?’ என்ற கேள்வி மட்டும் அனுமதி. இன்னொரு இழப்பு சொல்ல இருப்பவருக்கு அவருடைய முறை வரும், அப்போது அதே மரியாதை கிடைக்கும். விவாதத்தை அதே நாளில் வைக்கவே வேண்டாம்.

மொழி விசயத்தில் ஆங்கிலத்தைப் பாலமாகப் போட்டால், ஆங்கிலம் நன்றாகப் பேசும் இரண்டு மூன்று பேர்தான் கடைசிவரை பேசுவார்கள். ஆளாளுக்குத் தன் மொழியில் எழுதி வாசிக்கட்டும். இரண்டு வசனத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்க்கட்டும். நூலில் தமிழும் சிங்களமும் எதிரெதிர்ப் பக்கங்களில், ஒரே அளவு எழுத்தில் வரட்டும்.

கடற்கரைக்கு வருவோம். பை பையாக அள்ளிப் படம் எடுத்துவிட்டு வந்தால் அடுத்த கிழமை அதே அழுக்குத்தான். எண்ணுங்கள். 100 மீற்றர் நீளத்தைக் கயிறு கட்டி அளந்து, அலை தொடும் கோட்டிலிருந்து செடிகள் தொடங்கும் இடம் வரை எடுங்கள். நால்வர் பொறுக்க, ஒருவர் வகை சொல்ல, ஒருவர் கொப்பியில் கோடு போட வேண்டும். பானப் போத்தல், மூடி, சிறு சசே, ரெஜிபோம் துண்டு, வலை, கயிறு என்று வகைகளை முதலே தீர்மானியுங்கள். இடையில் புதுவகை சேர்த்தால் முன்பு எண்ணியது பழுதாகும். நிறுப்பதானால் மண்ணை உதறி, காயவிட்டு நிறுங்கள். ஈர மண்ணோடு நிறுத்த கணக்கு எதற்கும் உதவாது. செப்டெம்பரில் கிழக்குக் கடல் அமைதி, உல்லாசப் பயணிகள் வரும் காலம், எனவே மனிதர் கரையில் விட்டதே அதிகம் கிடைக்கும். மாரி முடியும் ஜனவரியில் அதே 100 மீற்றரைத் திரும்ப எண்ணுங்கள். அப்போது மகாவலியும் வாய்க்கால்களும் கடலும் கொண்டுவந்தது தெரியும். இரண்டு கணக்கும் இருந்தால்தான் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவரும்.

பல்லுள்ள வாரி போட்டு மணலை வாரவே கூடாது. அடம்பன் கொடி வேரோடு வரும், அதுதான் காற்றுக்கும் அலைக்கும் மணலைப் பிடித்து வைத்திருப்பது. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை. இன்னொன்று, கரையில் கிடக்கும் கயிறெல்லாம் குப்பை அல்ல. கரைவலைப் பாடு, அதாவது கரையில் நின்று வலை இழுத்து மீன்பிடிக்கும் தொழில், உள்ள இடத்தில் மடித்துப் போட்டிருக்கும் வலையும் அதை இழுக்கும் கயிறும் ஒருவருடைய பிழைப்பு. முதல் நாளே வாடிக்கு (மீனவர் தங்கும் கொட்டிலுக்கு) போய், எந்த நேரத்தில் வலை இழுப்பார்கள், எதைத் தொடக்கூடாது என்று கேட்டு வாருங்கள். அவர்களில் ஒருவரை உங்களோடு நடக்கச் சொல்லுங்கள். குப்பை எந்தக் காற்றுக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கண்டல் நடுவதை இந்த வருடம் விட்டுவிடச் சொல்வேன். கடற்கோளுக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, நட்ட பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தேறியிருந்தது. பல இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நடுவதற்கு வசதியான வெட்டவெளிச் சேற்றில், எப்போதும் தண்ணீர் நிற்கும் இடத்தில், ஒரே இனக் கன்றைக் குத்திவிட்டு வந்தது. நம் கரையில் வற்றுப்பெருக்கு, அதாவது கடல் ஏறி இறங்கும் உயரம், ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே நிலம் ஒரு சாண் தாழ்ந்தாலே வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். முன்பு கண்டல் நின்ற இடமா, அது ஏன் அழிந்தது என்பதுதான் முதல் கேள்வி. வீதியோ அணையோ தண்ணீர் வந்துபோகும் வழியை அடைத்திருந்தால், மதகைத் திறக்கச் சொல்லிக் கேட்பது ஆயிரம் கன்று நடுவதைவிட மேல். வழி திறந்தால் விதை தானாக மிதந்து வரும். அந்த ஆழமில்லாத தண்ணீரில் இறாலும் நண்டும் பிடிப்பவர்கள் யார் என்றும் பாருங்கள், அவர்களைக் கேட்காமல் வேலியடைத்தால் அதுவே புதுச் சண்டை.

மூதூருக்குப் பக்கத்துச் சம்பூரைப் பற்றிப் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்களா? 2006 இல் அந்த மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய நிலம் முதலீட்டு வலயத்துக்கும் நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டது. 2015 இல் ஒரு பகுதி நிலம் திரும்பக் கிடைத்தது. 2016 இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. தங்கள் காணியைக் கேட்டவர்களும் சாம்பலுக்கும் கொட்டியாரக் குடாவின் மீனுக்கும் அஞ்சியவர்களும் ஒரே மண்ணைப் பற்றித்தான் பேசினார்கள். 2025 இல் உங்கள் மாவட்டத்து முத்துநகர் விவசாயிகள் சூரிய மின்திட்டத்துக்காகத் தங்கள் வயல் போவதை எதிர்த்தார்கள். புகை இல்லாத மின்சாரம் நல்லது, எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் வயலை உழுதவரைக் கேட்காமல் போட்டால் அது நீதி ஆகாது. மூத்த பிள்ளைகள் இதை இருபக்கமும் வைத்து எழுதிப் பார்க்கட்டும்.

எழுதியதிலிருந்து ஒரு கேள்வியாவது சபைக்கோ திணைக்களத்துக்கோ போகட்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், காரணம் சொல்லாமல் தமிழிலேயே கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும். ‘ஏன் குப்பை எடுப்பதில்லை?’ என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். ‘கடந்த மூன்று மாதத்தில் எங்கள் வீதிக்குக் குப்பை வண்டி வந்த நாட்களின் பதிவேட்டுப் பிரதி’ என்று ஆவணத்தைக் கேளுங்கள். 18 வயது நிறைந்த ஒருவர் கையெழுத்திடட்டும், கிடைத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

நூலுக்கு ஏ4 தாளை நடுவில் மடித்தால் போதும். பக்கங்களின் தொகை நாலால் வகுபட வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் நிற்கும். பிழை திருத்தும்போது பிள்ளைகளின் பேச்சுவழக்கைத் திருத்திவிடாதீர்கள். முதல் பிரதிகள் விழா மேடைக்குப் போகுமுன் வாடிக்கும், எழுத்தில் வந்த வீடுகளுக்கும், குப்பை அள்ளும் தொழிலாளர்களுக்கும் போகட்டும். அவர்கள் ‘இது இப்படி இல்லை’ என்று சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்து, ஜனவரிக் கணக்கையும் சேர்த்து இரண்டாம் பதிப்பைப் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா